தொண்ணூறு மில்லி

ஆறாவது பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தாயிற்று, இன்னும் வரவில்லை. பியூலா நீல பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி எதிர்ச்சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் விளையாட்டு உடை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், மூடி போட்ட குடுவை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதுக்குச் சிரிக்கிறா இவ, இதுல சிரிக்க என்ன இருக்கு. தொண்ணூறு மில்லி. ஒரு டீ கிளாஸ். தொண்ணூறு நிமிஷம் ஓடவிட்டு, உடம்பில் இருந்த தண்ணீரையெல்லாம் வேர்வையாக உறிஞ்சி எடுத்துவிட்டு, இப்போது உட்கார வைத்து ஒரு டீ கிளாஸ் மூத்திரம் கொடு என்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், நடைபாதையில், அவளுடைய டீம் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது, யாரோ பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்ட மற்றவர்கள் கத்தினார்கள், அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த அலைகடல் எஃப்.சி. ஆசிய மகளிர் கிளப் கோப்பையின் ஃபைனலுக்குப் போய்விட்டது. ஒன்றுக்குச் சைபர். உள்ளூர் கிளப்பை, எட்டாயிரம் உள்ளூர் ஜனங்களுக்கு முன்னால், பிஷ்கேக் நகரத்தின் பல் கிட்டிக்கொள்ளும் நவம்பர் குளிரில் ஜெயித்திருந்தார்கள். எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் கீப்பர் விழுந்து கிடக்க, கோல் கோட்டின் மேல் நின்று, வந்த பந்துக்கு நெஞ்சைக் கொடுத்து வெளியே தள்ளியது கேப்டன் பியூலா. விசில் ஊதியதும் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். அவளும் ஓடினாள். பாதி தூரம் போவதற்குள் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பெண் குறுக்கே வந்து, கையிலிருந்த தாளைக் காட்டி, நம்பர் ஃபோர், டோப்பிங் கன்ட்ரோல், ப்ளீஸ் என்றாள். ஊக்கமருந்துச் சோதனை. குலுக்கிப் போட்டதில் இந்த டீமில் நாலாம் நம்பர், அந்த டீமில் பதினொன்று. அவ்வளவுதான் விஷயம். அந்த நொடியிலிருந்து மஞ்சள் சட்டை அவளை விட்டு நகரவே இல்லை. கையை உயர்த்தினால் பார்த்தது, மூக்கைத் துடைத்தால் பார்த்தது.

அரை மணிக்கு முன்பு ஒருமுறை போய்ப் பார்த்தாள். டாக்டர் அம்மா கூடவே உள்ளே வந்தார். குல்நாரா என்று பெயரட்டை. ஐம்பது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி, முகத்தில் கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை. ஜெர்சியை நெஞ்சு வரை தூக்கச் சொன்னார், கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே இறக்கச் சொன்னார், கைகளை முழங்கை வரை மடித்துவிடச் சொன்னார். அப்படி நின்று, அப்படியே உட்கார்ந்து, குடுவையைக் கீழே பிடித்துக்கொண்டு, இன்னொருத்தி மூன்றடி தூரத்தில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில் ஐந்து பேர் வளர்ந்தவர்கள், வியாசர்பாடியில் தெருவுக்கே இரண்டு கக்கூஸ், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தங்கச்சி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், அப்போதெல்லாம் வராத வெட்கம் இப்போது வந்து அடைத்துக்கொண்டது. வெட்கம் இல்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டால் சுலபமாக இருக்கிறது. பயம். நாற்பது மில்லிதான் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, போதாது, மறுபடி, என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லி, அந்த நாற்பது மில்லிக்கு ஒரு சீல் வைத்து, எண் எழுதி ஓரமாக வைத்தார். இப்போது அது அங்கே மேஜை மேல் இருக்கிறது. மஞ்சளாக. அடர் மஞ்சளாக. அதுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பக்கத்து நாற்காலியில் தணிகாசலம் சார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீம் மேனேஜர். விளையாடுகிறவளோடு ஒரு ஆள் கூட இருக்கலாம் என்று சட்டம், அதனால் வந்து உட்கார்ந்திருக்கிறார். கூட இருக்கவா வந்தார். வாயைக் கட்டத்தான் வந்தார். வந்ததும் வராததுமாக, டாக்டர் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, காதருகே குனிந்து சொன்னார். "கடைசில ஒரு ஃபாரம் தருவாங்க. ஏழு நாள்ல என்னென்ன மருந்து சாப்பிட்டன்னு ஒரு கட்டம் இருக்கும். ஒண்ணும் இல்ல, நில்னு போட்டுட்டு கையெழுத்துப் போட்டுடு. நாமளா எதையாவது எழுதி வெச்சா நாமளே போய் மாட்டிக்கிற மாதிரி ஆயிடும்." சொல்லிவிட்டு முதுகில் இரண்டு தட்டு தட்டினார். ஜெயித்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடம் இன்னும் எரிந்தது. என்ன மாட்டிக்கிறது. மாட்டிக்கிற மாதிரி என்ன இருக்குது அதுல. சாதாரண ஜல்ப்பு மாத்திரைன்னுதானே சார் குடுத்தீங்க. வாயைத் திறந்து அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முந்தாநாள் மாத்திரையைக் கையில் வாங்கியபோதும் கேட்கவில்லை. பதினாலு வருஷமாகப் பந்து ஆடுகிறாள், ரெஃப்ரியிடம் சண்டை போட்டு இரண்டு முறை சிவப்பு அட்டை வாங்கியிருக்கிறாள், ஆறடி உயரத்துக்காரிகளை நெஞ்சோடு நெஞ்சு மோதி நிறுத்தியிருக்கிறாள். சார் என்று யாராவது எதிரில் வந்து நின்றால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடுகிறது.

காய்ச்சல் வந்து மூன்று நாளாகிறது. இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றே மூக்கு ஒழுகத் தொடங்கியது, அடுத்த நாள் பிராக்டீஸில் கண்ணெல்லாம் சுட்டது. கீப்பர் யாமினிக்கும் அப்படித்தான், சின்னப்பெண் ஹெப்சிக்கும் அப்படித்தான். பதினெட்டு பேர் வந்ததில் மூன்று பேர் போர்வைக்குள். ஃபிசியோ பிரமிளா இருந்திருந்தால் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்திருப்பாள், எது போடலாம் எது போடக்கூடாது என்று அவளிடம் ஒரு பட்டியலே உண்டு, போனில் வைத்திருப்பாள், இருமல் மருந்து பாட்டிலைக்கூட கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். பிரமிளா வரவில்லை. அவளுக்குப் போட்ட விசாவில் ஏதோ சிக்கல் என்றார்கள். ஏர்போர்ட்டில் பார்த்தால் கிளப் சேர்மனுடைய மச்சினன், கழுத்தில் டீம் அடையாள அட்டையோடு நின்றார், அட்டையில் மெடிக்கல் ஸ்டாஃப் என்று போட்டிருந்தது. அந்த ஆள் வந்த நாளிலிருந்து பனி மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். மெடிக்கல் ஸ்டாஃப். நினைக்க நினைக்க பியூலாவின் காது மடல் சூடேறியது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எங்க சார் பிரமிளா, இந்த ஆள் யாரு சார், இவருக்குக் காலுக்குக் கட்டுப் போடத் தெரியுமா சார். எல்லாம் மனசுக்குள் அழகாக வரிசையாக வருகிறது. அன்றைக்கு அந்த ஆள் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது இவள்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பிரமிளா இல்லாததால் மாத்திரை கொடுத்தது தணிகாசலம் சார். இடுப்பில் கட்டியிருக்கும் கறுப்புப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கத்தரியால் நாலு நாலாக வெட்டி, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஜல்ப்பு காய்ச்சல் எல்லாம் ஓடிடும், குதிரை மாதிரி ஆயிடுவீங்க" என்று கொடுத்தார். வெட்டிய துண்டில் பெயரின் வால் மட்டும்தான் இருந்தது. இரண்டு எழுத்து. பின் பக்கம் வெள்ளியாக மின்னியது. பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக வேலை பார்த்த அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் மாத்திரையை வைத்து, நிறத்தை வைத்து, நடுவில் கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, இது பிரஷருக்கு, இது வலிப்புக்கு என்று சொல்லிவிடுவாள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதுகூட, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி முடித்த கையோடு, "வேற ஊரு, வேற தண்ணி. எவன் இன்னா குடுத்தாலும் இன்னா ஏதுன்னு கேட்டுட்டு வாயில போடு" என்றாள். சரிம்மா சரிம்மா என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள் இவள். அம்மாவுக்கு இப்போது செய்தி போயிருக்கும். தெரு முழுக்கக் கூடியிருப்பார்கள். சர்ச்சில் சொல்லியிருப்பார்கள். நடுவில் அம்மா நின்றுகொண்டு எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருப்பாள். ஏழாவது பாட்டிலின் மூடியைத் திருகினாள். டாக்டர் கையைக் காட்டினார். அதிகம் வேண்டாம், நீர்த்துப்போனால் ஏற்க முடியாது, மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். குடித்தாலும் தப்பு, குடிக்காவிட்டாலும் தப்பு. மூடியை மறுபடி திருகி வைத்தாள்.

முதல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் மூக்கு திறந்துகொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வாய் உலர்ந்தது. ராத்திரி கண்ணை மூடினால் இமைக்குள் வெளிச்சம் ஓடியது, தூக்கமே இல்லை, ஆனால் விடிந்தபோது களைப்பும் இல்லை. செமி ஃபைனல் படபடப்பு என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு இரண்டாவது பாதியில் கால்கள் தரையில் படுவதே தெரியவில்லை. மற்றவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது இவள் மட்டும் கத்திக்கொண்டே ஓடினாள். எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில், அந்தப் பதினொன்றாம் நம்பர்காரி உதைக்கக் காலை ஓங்குவதற்கு முன்பே, பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது. பதினாலு வருஷம் ஆடினதுனால தெரிஞ்சது. வியாசர்பாடி கல்யாணபுரத்து மண் கிரவுண்டில் பசங்களோடு ஆடி, கல்லில் முட்டி தேய்ந்து, அதனால் தெரிந்தது. இல்லை, அந்த இரண்டு எழுத்துக்காரன் சொல்லிக்கொடுத்தானா. இதுதான். இங்கேதான் வந்து வந்து சிக்கிக்கொள்கிறது. தடை போடட்டும், இரண்டு வருஷமோ நாலு வருஷமோ போடட்டும், அதைவிட இது கொடுமையாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, எட்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போகும்படி ஒன்றைச் செய்தாள். அது தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு ஆள் இடுப்புப் பையிலிருந்து கத்தரியை எடுத்து அதையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போய்விட்டார்.

தடை போடட்டும் என்றா நினைத்தாள். சும்மா. தடை போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா. விளையாட்டு ஹாஸ்டலில் பளு தூக்கிய கோமளா அக்கா இருந்தாள். தேசியப் போட்டிக்கு முன்னால் இருமலுக்கு ஒரு மருந்து குடித்தாள், கடையில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கிற மருந்து. ரிசல்ட் வந்த அன்று ஹாஸ்டல் வார்டன் அவளுடைய பெட்டியை வராந்தாவில் கொண்டுவந்து வைத்தார். கோச் அந்தப் பக்கமே வரவில்லை. இப்போது கோமளா அக்கா ஒரு மாலில் வாசலில் நிற்கிறாள், உள்ளே வருகிற பொம்பளைகளின் பையைத் திறந்து பார்க்கிற வேலை. போன கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போனபோது பியூலாவின் பையையும் திறந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், அடையாளம் தெரிந்தது, ஒரு வார்த்தை பேசாமல் பையை மூடிக் கையில் கொடுத்தாள். பியூலாவுக்குப் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது, தை மாதத்துக்குள் ஆர்டர் வந்துவிடும் என்கிறார்கள். இருபத்தொன்பது வயது. அடுத்த வருஷம் கேட்டால் வயது முடிந்துவிட்டது என்பார்கள். எழுதாமல் விட்டால் என்ன. நில். இங்கிலீஷில் மூன்றே எழுத்து. குலுக்கலில் நாலாம் நம்பர் விழ வாய்ப்பு இருந்ததென்றால், அந்த மாத்திரையில் ஒன்றும் இல்லாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறதே. எதுவும் இல்லை என்றால் அவர் ஏன் எழுத வேண்டாம் என்கிறார். தெரிந்துதான் கொடுத்தாரா, கொடுத்த பிறகு தெரிந்ததா. தெரியாமல் கொடுத்திருந்தால் முட்டாள். தெரிந்து கொடுத்திருந்தால். அதற்கு மேல் நினைக்கவே கூசியது, ஏனென்றால் அதற்கு மேல் நினைத்தால் ஹெப்சி வந்துவிடுவாள்.

வந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரையும்விட கீச்சென்று கேட்டது அவள் குரல்தான். பத்தொன்பது வயது, இடது பக்க மிட்ஃபீல்டு, எண்ணூரிலிருந்து வந்தவள், அறையில் பியூலாவோடு படுக்கிறாள். முந்தாநாள் தணிகாசலம் சார் மூன்று பேருக்கானதையும் பியூலாவின் கையில்தான் கொடுத்தார். நீ குடுத்தா கேப்பாளுங்க என்றார். ஹெப்சி போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "இது இன்னா மாத்திரைக்கா" என்று கேட்டாள். கேட்டாள். அவள் கேட்டாள். பியூலா என்ன சொன்னாள். "சார் குடுத்தாரு, போட்டுக்கினு படு." தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தாள். யாமினிக்கும் அவளே கொடுத்தாள். ஆகவே எல்லாக் கோபத்தையும் உருட்டித் திரட்டி அந்த ஆளின் தலையில் போட்டுவிட்டு ஹாயாக உட்காரவும் முடியவில்லை, பாதி திரும்பி வந்து மடியில் விழுகிறது. அந்த ஆளாவது சேர்மனுக்குப் பயந்தார். நீ யாருக்குடி பயந்த. குலுக்கலில் நாலுக்குப் பதிலாக அவளுடைய பதினேழு விழுந்திருந்தால் இந்த நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு இங்கிலீஷும் வராது, நில் என்று போடச் சொன்னால் போட்டுவிட்டு வந்திருப்பாள்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். பதினொன்றாம் நம்பர். அய்பெரி என்று கதவருகே தாளில் எழுதியிருந்தது. தோற்றவள். வந்ததிலிருந்து துண்டை முகத்தில் வைத்து அழுதுகொண்டிருந்தாள், பத்து நிமிஷம் முன்புதான் உள்ளே போய்ச் சுலபமாகக் கொடுத்துவிட்டு வந்து, எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டாள். போகப் போகிறாள் என்று பியூலா காலை மடக்கி வழிவிட்டாள். அவள் போகவில்லை, எதிரே வந்து குனிந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். கார்னர் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், ரெஃப்ரி இரண்டு முறை எச்சரித்தார். "யூ," என்றாள் அய்பெரி, வார்த்தை தேடினாள். தன் கையை எடுத்துக் காட்டினாள், பிறகு பியூலாவின் மணிக்கட்டைத் தொட்டாள். "யுவர் ஹேண்ட். வெரி ஹாட். ஆல் மேட்ச், வெரி ஹாட். யூ சிக்?" அய்பெரி திரும்பி டாக்டரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, பியூலாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். இவள் என்னைத் தோற்கடிக்க வந்தவள். கையைப் பிடித்த பிடியில் தெரிந்திருக்கிறது இவளுக்கு. மூன்று நாளாகப் பக்கத்திலேயே இருக்கிறவருக்கு, காலையில் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவருக்கு, அந்தச் சூடு தெரியவில்லை. தெரிந்திருக்கும். சூட்டைத் தொட்டுத்தானே மாத்திரையை எடுத்தார். அடிவயிற்றில் ஏதோ பலமாக இறுகி, பின் அவிழ்ந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து நின்றதும் தெரிந்தது. "டாக்டர்," என்றாள். "நவ்."

இந்த முறை ஜெர்சியைத் தூக்கவும் இறக்கவும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். நூற்றுப் பத்து மில்லி வந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். முந்தைய நாற்பதோடு சேர்த்து, ஏ என்றும் பி என்றும் போட்ட இரண்டு பாட்டில்களில் பியூலாவையே ஊற்ற வைத்து, மூடியைக் கடகடவென்று, இனி திருகாது என்கிற வரை திருக வைத்து, எண்களைச் சத்தமாகப் படிக்க வைத்தார். பிறகு ஃபாரத்தை அவள் பக்கம் திருப்பினார். கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டார். "செவன் டேஸ். மெடிசின், டேப்லெட், இன்ஜெக்‌ஷன், எனிதிங்." அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தாரோ என்னவோ, எனிதிங் என்பதை இரண்டு முறை சொன்னார். தணிகாசலம் சார் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நில் மேடம்," என்றார் சிரித்துக்கொண்டே. "ஷி டேக்ஸ் நத்திங்." டாக்டர் அவரைப் பார்க்கவில்லை.

பியூலா பேனாவை எடுத்தாள். "சார், அந்த அட்டைய எடுங்க," என்றாள்.

"எந்த அட்டை?"

"முந்தாநாள் வெட்டிக் குடுத்தீங்களே, அதோட மீதி."

"அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு பியூலா. இப்ப எதுக்கு அது? வெளிய சேர்மன் வெயிட் பண்றாரு, போட்டோ எடுக்கணும்ங்கறாரு. கையெழுத்துப் போட்டுட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்."

"பையில இருக்குது சார். நாளன்னிக்கு ஃபைனலுக்குக் குடுக்கணும்னு வெச்சிருக்கீங்க. எடுங்க."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. நல்லதுக்குத்தான் குடுத்தேன். நீங்க மூணு பேரும் இல்லன்னா இன்னிக்கு டீமே இல்ல. உன் போலீஸ் வேலை ஃபைல்ல சேர்மன்தான் பேசிட்டு இருக்காரு, மறந்துடாத. கிளப் பேரு, நாட்டுப் பேரு எல்லாம் இதுல இருக்கு. அறிவோட நடந்துக்கோ."

அறிவோட. பியூலாவுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது. பதினாலு வருஷமாக அறிவோடுதான் நடந்துகொண்டாள். அறிவோடு பெட்டி தூக்கினாள், அறிவோடு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஃபைலை அவர் ஞாபகப்படுத்தியது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் தயங்கியிருப்பாள். "நீங்க எடுக்கலன்னா," என்றாள், "பேரு தெரியாத மாத்திரை, டீம் மேனேஜர் குடுத்தாரு, கேட்டதுக்குத் தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாருன்னு எழுதுவேன். எனக்கு இங்கிலீஷ் நல்லா எழுத வராது. தப்பும் தவறுமா எழுதுவேன். ஆனா எழுதுவேன்." குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வருவது போலிருந்தது, தன்னுடையதுதானா என்று ஒரு கணம் சந்தேகம், தன்னுடையதுதான், பின்வரிசையில் நின்று லைன் லைன் என்று கத்துகிற அதே குரல். டாக்டருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். மஞ்சள் சட்டையும் பார்த்தது. தணிகாசலம் சார் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தார். அட்டையில் மூன்று மாத்திரை மீதி இருந்தது.

அவள் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். நீளமான பெயர். கீழே சின்ன எழுத்தில் இருந்த இரண்டு மருந்துகளின் பெயரையும் அளவோடு எழுதினாள். எத்தனை வேளை, எந்தெந்த நாள். அதற்குப் பக்கத்தில் கிவன் பை என்று போட்டு, டீம் மேனேஜர், தணிகாசலம் என்று எழுதினாள். "பேரு எதுக்கு, பேரெல்லாம் கேக்கலையே," என்றார் அவர். பியூலா கையெழுத்துப் போட்டாள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதியதை மெதுவாகப் படித்தார். இரண்டாவது மருந்தின் பெயரில் அவருடைய விரல் சற்று நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை, இருக்கிறது என்றா, இல்லை என்றா, பாவம் என்றா. "த்ரீ வீக்ஸ்," என்றார், "ரிசல்ட்." பிறகு, அது அவர் வேலையில் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது, சொன்னார்: "குட் யூ ரைட்." இளஞ்சிவப்பு நகலைக் கிழித்து நீட்டினார். தணிகாசலம் சார் கையை நீட்டினார். "குடு, டீம் ஃபைல்ல வெச்சுக்கறேன்." பியூலா அதை நாலாக மடித்து, ஜெர்சிக்குள், பந்து பட்டுக் கன்றியிருந்த இடத்துக்கு மேல், உள்ளாடைக்குள் செருகிக்கொண்டாள்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மலை மேல் மட்டும் வெயில் மிச்சம் இருந்தது. சேர்மன் மாலையோடு நின்றார், மச்சினன் கேமராவோடு நின்றார், வாம்மா கேப்டன் வாம்மா என்றார்கள். உடம்புக்கு முடியல சார் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்து பஸ்ஸில் ஏறினாள். பின்பக்கம் ஜன்னலோரம் ஹெப்சி இடம் பிடித்து வைத்திருந்தாள், தலையில் யாருடைய கொடியையோ கட்டியிருந்தாள். "இன்னாக்கா இவ்ளோ நேரம், நாங்க உனக்காக வெயிட் பண்ணி வெயிட் பண்ணி..." என்று ஆரம்பித்தவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பியூலா உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அந்த நடைபாதை முழுக்க யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் இப்போது இல்லை. "அந்த மாத்திரை," என்றாள். "அது சாதா மாத்திரை இல்லாம இருக்கலாம். டெஸ்ட்ல புடிச்சா வெளையாட விடமாட்டாங்க, வருஷக்கணக்கா. எனக்கு எடுத்துட்டாங்க, நான் எழுதிக் குடுத்துட்டேன். நாளன்னிக்கு உன்னை எடுக்கலாம். இனிமே அதைத் தொடாத. யாமினிகிட்டயும் சொல்லப் போறேன்."

ஹெப்சி தலையிலிருந்த கொடியை மெதுவாக அவிழ்த்தாள். முன்னால் பக்கெட் மறுபடி தட்டத் தொடங்கியது. "நான் இன்னா மாத்திரைன்னு கேட்டேன்ல," என்றாள்.

"கேட்ட."

"நீ குடுத்தேன்னுதான் போட்டேன். சார் குடுத்திருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன்."

பியூலாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. காய்ச்சல், பிரமிளா வராதது, சேர்மன், மச்சினன், பதினாலு வருஷம், எல்லாம் வாய்க்குள் வந்து வரிசையில் நின்றன. "ஆமா," என்று மட்டும் சொன்னாள். பஸ் கிளம்பியது. இலை உதிர்ந்த நெட்டை மரங்கள் ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஹெப்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேறு இடத்துக்கு எழுந்து போகவில்லை, இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. பிறகு, திரும்பாமலே, கையை நீட்டினாள். "எழுதினேன்னியே. அதுல மாத்திரை பேரு இருக்குதா?" பியூலா இளஞ்சிவப்புத் தாளை எடுத்துக் கொடுத்தாள். வேர்வையில் ஒரு ஓரம் நனைந்திருந்தது. ஹெப்சி அதைத் தொடை மேல் வைத்து நீவி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தாள். செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். பஸ் குலுங்கியதில் மங்கலாக வந்தது. அழித்துவிட்டு, இரண்டு கையாலும் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி எடுத்தாள்.